சனிக்கிழமை சம்பளக் கணக்கில் ஒரு சாஃப்ட்வேர் பாடம்

பிளஸ் டூ முடித்த பிள்ளை "சாஃப்ட்வேர் படிக்கிறேன்" என்றால், திருமுருகன்பூண்டி போன்ற பனியன் கம்பெனி ஊர்களில் பெற்றோராகிய நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "அதெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு" என்று தடுத்துவிடுகிறோம். அல்லது கடன் வாங்கி ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிடுகிறோம். சாஃப்ட்வேர் எழுதுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாததே இரண்டுக்கும் காரணம். நமக்குப் பழகிய சம்பளக் கணக்கை வைத்தே அதைப் புரிந்துகொள்வோம்.

கணக்கைப் படிகளாகப் பிரிப்பது

ஒரு பீஸுக்கு 2 ரூபாய் கூலி, வாரத்தில் 2000 பீஸ் தைத்தால் 200 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை என்ன செய்வோம்? டெய்லர் தைத்த பீஸ்களைக் கூட்டுவோம். செக்கிங்கில் தேறாததைக் கழிப்போம். மீதியை 2 ரூபாயால் பெருக்குவோம். ஊக்கத்தொகை உண்டா என்று பார்ப்போம். பிறகு அடுத்த டெய்லர்.

இப்படி வரிசையாக எழுதிய படிகளுக்குப் பெயர்தான் அல்காரிதம். இந்தச் சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. இந்திய எண்களால் கணக்கிடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் லத்தீனுக்குப் போனபோது, அவர் பெயர் அங்கே 'அல்கோரித்மி' ஆனது.

நான்கு அடிப்படைகள்

பீஸ் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். அப்படி மாறும் மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம் 'வேரியபிள்'. ஊக்கத்தொகை உண்டா இல்லையா என்று பார்ப்பது 'கண்டிஷன்'. ஒவ்வொரு டெய்லருக்கும் அதே படிகளைத் திரும்பச் செய்வது 'லூப்'. மொத்தக் கணக்கையும் ஒரு பெயரில் கட்டி வைத்து, தேவைப்படும்போது அழைப்பது 'ஃபங்ஷன்'. எந்தக் கணினி மொழியைப் படித்தாலும் முதலில் சந்திப்பது இவற்றைத்தான்.

பிழை எங்கே வருகிறது?

சாஃப்ட்வேர் எழுதுபவர் "2000 பீஸ் தைத்தால்" என்பதற்குப் பதிலாக "2000க்கு மேல் தைத்தால்" என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2001 தைத்தவருக்கு 200 ரூபாய் கிடைக்கும். சரியாக 2000 தைத்தவருக்குக் கிடைக்காது. நோட்டில் கணக்கு எழுதும் மேனேஜர் என்றால், "இவருக்கும் உண்டே" என்று யோசித்துத் திருத்துவார். கணினி யோசிக்காது; எழுதியதை மட்டுமே செய்யும். இதைத்தான் 'பக்' என்கிறார்கள்.

அதனால்தான் பனியனுக்குச் செக்கிங் இருப்பதுபோல் சாஃப்ட்வேருக்கு 'டெஸ்டிங்' இருக்கிறது. நல்ல டெஸ்டிங் என்பது 1999, 2000, 2001 மூன்றையும் கொடுத்துப் பார்ப்பது. ஒரு சொல் தவறினால் ஒருவருடைய உழைப்பின் கூலி போய்விடும். ஆகவே இந்தத் தொழிலுக்கு இங்கிலீஷை விட முக்கியம் கவனமும் அமானிதமும்.

எங்கே தொடங்குவது?

'பைத்தான்' மொழி இலவசம். அதன் கட்டளைகளுக்கு எளிய ஆங்கிலச் சொற்கள் சிலவே போதும். தமிழிலேயே கட்டளைகள் எழுதும் 'எழில்' என்ற மொழியும் உண்டு. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை தந்து பயிற்றுவிக்கும் ஜோஹோ பள்ளியும் தமிழ்நாட்டில் இருக்கிறது.

பணம் கட்டும் முன் ஒரு மாதம் இலவசப் பாடங்களில் பிள்ளையின் ஆர்வத்தைப் பாருங்கள். அதற்கும் முன், வரும் சனிக்கிழமை உங்கள் சம்பளக் கணக்கின் படிகளை மகனையோ மகளையோ ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கணினி மாதிரி, எழுதியதை மட்டும் செய்து பாருங்கள். விடுபட்ட படியைப் பிள்ளை தானே கண்டுபிடித்துத் திருத்தினால், முதல் பாடம் முடிந்தது. இன்ஷா அல்லாஹ், மீதியைப் பழக்கம் கற்றுக்கொடுக்கும்.