தூசியில வளர்ந்தா ஆஸ்துமா வராதா?

நாமக்கல்லேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "எங்க வீட்டைச் சுத்தி கோழிப்பண்ணைங்க. சின்ன வயசுலேர்ந்து தூசியில வளர்ந்தா ஆஸ்துமா வராதுன்னு சொல்றாங்களே, நெஜமாங்க?"

இதுக்குப் பதில் மூச்சுக்குழாயோட உள்சுவர் செல்கள்ல இருக்கு. பேரு எபிதீலியம்.

கோழி ஷெட் தூசியில இறகுத் துணுக்கு, தீவனப் பொடி, காய்ஞ்ச எச்சம், பூஞ்சை, பாக்டீரியாவோட உடைஞ்ச துண்டுகள் எல்லாம் கலந்திருக்கும். மூச்சுல இழுத்ததும் முதல்ல இது படறது அந்த செல்கள் மேலதான். நம்ம ஐடி பாஷையில சொன்னா, ஃபயர்வாலும் அதுதான், அலர்ட் அனுப்பறதும் அதுதான்.

அலர்ட் எப்படிப் போகுது? நல்லா ஆராய்ச்சி பண்ணின உதாரணம், வீட்டு மெத்தையில இருக்கற தூசிப்பூச்சி. அதோட எச்சத்துல இருக்கற என்சைம், செல்களுக்கு நடுவுல இருக்கற இணைப்பை வெட்டும். அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25னு சிக்னல் விடும். அதைக் கேட்ட நோயெதிர்ப்பு செல்கள் ஐஎல்-5, ஐஎல்-13 சுரக்கும். முதலாவது, ஈசினோபில்ங்கற வெள்ளை அணுக்களைப் பெருக்கும். ரெண்டாவது, சளியைக் கூட்டி, குழாய் சட்டுனு சுருங்கற மாதிரி ஆக்கும். அதுதான் வீசிங்.

தீவிர ஆஸ்துமாவுக்கு 2021 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்ச டெஸெபெலுமாப் ஊசி, டிஎஸ்எல்பியையே தடுக்குது. அதாவது, அலர்ட்டையே மறிக்குது.

இப்போ பண்ணை மேட்டருக்கு வருவோம். ஐரோப்பாவுல மாட்டுப்பண்ணையில வளர்ந்த குழந்தைங்களுக்கு ஆஸ்துமா குறைவுன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. 2015ல பெல்ஜியத்துல கென்ட் ஆராய்ச்சிக்குழு இதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. எலிகளுக்கு பாக்டீரியாத் துண்டான எண்டோடாக்சினைக் கொஞ்சங்கொஞ்சமா முன்னாடியே கொடுத்துட்டு, அப்புறம் தூசிப்பூச்சியைக் கொடுத்தாங்க. ஆஸ்துமா வரல. உள்சுவர் செல்கள்ல இருக்கற ஏ20ங்கற புரதம் அலர்ட்டை அடக்கி வெச்சிருந்துச்சு. அந்த செல்கள்ல ஏ20 இல்லாத எலிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கெடைக்கல.

அப்போ குழந்தையை ஷெட்டுக்குள்ள தூக்கிட்டுப் போகலாமா? வேண்டவே வேண்டாம். எலிக்குக் கொடுத்தது அளந்த, குறைஞ்ச டோஸ். மூடின ஷெட்டுல அடிக்கற தூசிக்கு அளவே இல்ல, கூடவே அம்மோனியா வேற. தினமும் அதுலயே நின்னா அதே செல்கள் காயப்படும். அலர்ஜி இல்லாதவங்களுக்கும் இருமல், நெஞ்சு இறுக்கம் வரும்.

அதனால அந்த நேயருக்கும், பண்ணையில வேலை பார்க்கற எல்லாருக்கும் ரெண்டு விஷயம். உள்ள போகும்போது மூக்கை ஒட்டி நிக்கற என்95 மாஸ்க் போடுங்க. வேலை நாள்ல மூச்சு இரைச்சு, லீவு நாள்ல சரியாகுதுன்னா, அந்த வித்தியாசத்தை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவருக்கு அது பெரிய துப்பு.