மலையேறிய மோட்டார்

“மலையேறுவது” என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று மலைமேல் ஏறுவது. மற்றொன்று விளக்கு அணைந்து போவது. சென்ற சித்திரையில் என் தமக்கையின் குமாரன் தன் மோட்டார் வண்டியில் எங்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனபோது, இரண்டும் ஒரே பிரயாணத்தில் நிறைவேறிவிடும் போலிருந்தது.

எங்கள் களமருதூர் சமவெளி ஊர். கள்ளக்குறிச்சிக்குப் போய், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். மருமகன் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவன். வண்டியின் மீது அலாதிப் பிரியம் உடையவன். வண்டியில் ‘டர்போ’ என்னும் சாதனம் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்தது. அது போதாதென்று, சென்னைப் பட்டறை ஒன்றில் எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிக் காற்றழுத்தத்தைக் கூட்டியிருந்தான். முன்புறம் பெரிய இன்டர்கூலர் ஒன்றையும் வைத்திருந்தான்.

டர்போ புதிய விஷயமல்ல. ஸ்விட்ஸர்லாந்து இஞ்சினீயர் ஆல்பிரட் பூகி 1905-ம் ஆண்டிலேயே அதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். வீணாய்ப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழல்வதுண்டு. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும், சக்தியும் கூடும். அமுக்கியதால் சூடேறிய காற்றைக் குளிரச் செய்வது இன்டர்கூலரின் வேலை.

ஆனால் எரியும் பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர் சுமந்து வெளியே விட வேண்டும். சக்தியைக் கூட்டினால் தண்ணீரின் சுமையும் கூடும். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது மலையில்தான் தெரிந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து கொண்டிருந்தோம். உஷ்ணம் காட்டும் முள் திடீரென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. மருமகன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான். முன்மூடியைத் திறந்ததும் என் தமக்கை, “பாவம், அதற்குத் தாகமடா!” என்று தண்ணீர்ச் செம்புடன் ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டாள்.

“அக்கா, கையை எடு!” என்று நான் போட்ட கூச்சலில் செம்பு கீழே விழுந்தது.

அந்த மூடி தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், அங்கே சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகினால் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். வெந்த முகத்துக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு மணி நேரம் மர நிழலில் காத்திருந்து, குழாய் தொடும் பதத்துக்கு ஆறிய பிறகே மூடியைத் திறந்தோம்.

வெள்ளிமலை ஆசையை விட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினோம். அங்கே ஒரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். மருமகன் தன் பட்டியலைப் படித்தான்: “தெர்மாஸ்டாட் மாற்றியாயிற்று, மூடி மாற்றியாயிற்று, கூலன்ட் மாற்றியாயிற்று.”

“எதை மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை, தம்பி. எப்போது சுடுகிறது? அதைச் சொல்லுங்கள்” என்றார் அவர்.

வண்டி நிற்கும்போது சுட்டு, ஓடும்போது ஆறினால் விசிறியைப் பார்க்க வேண்டுமாம். வேகமாய் நெடுந்தூரம் ஓடும்போது சுட்டால் ரேடியேட்டர் அடைப்பையும் தண்ணீர் பம்ப்பையும் சோதிக்க வேண்டும். கிளப்பிய சற்று நேரத்திலேயே சுட்டால் தண்ணீர் குறைவு, அல்லது தெர்மாஸ்டாட் திறக்கவில்லை. காரணமின்றித் தண்ணீர் குறைந்து குமிழி கிளம்பினால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசிச் சந்தேகத்தை அவர் முதலில் தீர்த்தார். ஒரு நீலத் திரவத்தின் வழியே ரேடியேட்டரின் ஆவியை இழுத்தார். எரிந்த புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. மருமகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு மலையடிக்குப் போனோம். சமவெளியில் 92 டிகிரி. ஏற்றத்தில் 104 ஆன பிறகும் வண்டியின் முள் நடுவிலேயே நின்றது! பல வண்டிகளில் முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது காலம் கடந்திருக்கும். 108-ல் வண்டியைத் திருப்பினோம்.

குற்றவாளி முன்புறத்தில் அகப்பட்டான். பெரிய இன்டர்கூலருக்கு இடம் வேண்டிப் பட்டறைக்காரர் ரேடியேட்டரைச் சுற்றியிருந்த தடுப்புத் தகடுகளை வெட்டி எறிந்திருந்தார். காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் பக்கங்களில் நழுவிப் போயிற்று. இடுக்கில் தூசியும் கரும்புத் தோகைத் துகளும் அடைந்திருந்தன. சமவெளி வேகத்தில் வரும் பெருங்காற்று இந்தக் குறையை மறைத்தது. ஏற்றத்தில் பாரம் அதிகம், காற்றோ குறைவு.

மருமகன் எல்லாவற்றையும் உடனே மாற்றிவிடத் துடித்தான். கிழவர் சம்மதிக்கவில்லை. “ஒவ்வொன்றாகச் செய்தால்தான் எது மருந்தென்று தெரியும்.” துகளை நீக்கித் தடுப்புகளை அமைத்தார்; அதே ஏற்றத்தில் 102. பிறகு மருமகன் மடிக்கணினியில் வைத்திருந்த கம்பெனியின் பழைய கணக்கை அரை மனத்துடன் திரும்ப ஏற்றினான், 96.

சட்டமும் கிழவரின் பக்கமே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-ம் ஆண்டில் அதை உறுதி செய்தது.

இருபது வருஷமாய்க் கணக்குப் பாடம் நடத்துகிறேன். விடை தப்பினால் அதை அழித்து வேறு விடை எழுதும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வரியில் பிழை என்று தேடுபவன் அபூர்வம். மருமகன் மூன்று உறுப்புகளை மாற்றியதும் அப்படித்தான்.

மறு வாரம் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். வேகம் குறைந்தது பற்றி மருமகனுக்கு வருத்தந்தான். “ஏண்டா, பின்னால் உட்கார்ந்திருப்பவள் உன் அம்மாவடா. மெதுவாகவே போ” என்றாள் தமக்கை. அவள் மடியில் அந்தச் செம்பு நெளிந்த வாயோடு பத்திரமாக இருந்தது.