பழைய லொறியின் பின்னச்சுக் கோளாறுகள்: கண்டறிதலும் திருத்தலும்



அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் உள்ளது. இங்கிருந்து பெரகலைக்கு இறங்கினாலும், 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய டம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் போனாலும் பாதை முழுவதும் ஏற்றமும் இறக்கமும் வளைவுமே. இத்தகைய பாதையில் கொழுந்தும் உரமும் ஏற்றும் பழைய பெட்பர்ட் போன்ற லொறிகளின் பின்னச்சு மிகுந்த பளுவைத் தாங்குகின்றது. அதில் சத்தம் கேட்டவுடன் எல்லாவற்றையும் கழற்றுதல் தவறு. கோளாறு எங்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1. அமைப்பு

எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டி, புரொப்பலர் சாப்ட் வழியாகப் பினியனை அடைகின்றது. பினியன் கிரவுன் வீலைச் சுழற்றும்போது சுழற்சி 90 பாகை திரும்புகின்றது. வேகம் குறைந்து முறுக்குவிசை கூடுகின்றது.

உதாரணம்: பினியனில் 6 பற்கள், கிரவுன் வீலில் 37 பற்கள் எனின் விகிதம் 37 ÷ 6 = 6.17 (அண்ணளவாக).

வளைவில் வெளிச்சில்லு கூடிய தூரம் ஓடவேண்டும். இதற்கு இடங்கொடுப்பது டிபரன்சியல். கிரவுன் வீல் நிமிடத்திற்கு 100 முறை சுழலும்போது உட்சில்லு 90 முறை சுழன்றால், வெளிச்சில்லு 110 முறை சுழலும். டிபரன்சியலிலிருந்து சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்வது எக்சல்.

2. அறிகுறிகள்

(அ) ஏற்றத்தில் இழுக்கும்போது ஊளைச் சத்தம். அக்சிலேட்டரை விட்டதும் சத்தம் மாறுதல்: கிரவுன் வீல், பினியன் அல்லது பினியன் பெயாரிங் தேய்வு.

(ஆ) வளைவில் மட்டும் சத்தம்: டிபரன்சியலின் உட்பற்சில்லுகள் அல்லது சில்லுப் பெயாரிங்.

(இ) புறப்படும்போது ‘டக்’ என்ற ஒலி: எங்கோ தளர்வு உண்டு. முதலில் புரொப்பலர் சாப்டின் மூட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்க. அதற்குச் செலவில்லை.

(ஈ) கியரிலிட்டும் லொறி நகரவில்லை; ஆனால் புரொப்பலர் சாப்ட் சுழல்கின்றது: பெரும்பாலும் எக்சல் முறிந்துள்ளது. சாப்டும் சுழலாவிடின் கிளச்சை அல்லது கியர்ப்பெட்டியைப் பார்க்க.

(உ) சில்லின் உட்பக்கம் ஒயில் கசிதல்: சீல் பழுது. ஒயில் பிரேக் லைனிங்கில் படிந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. லொறியை ஓட்டவே கூடாது.

3. திருத்தல்

• ஒயிலை வடித்துப் பார்க்க. உலோகத் துண்டுகள் இருப்பின் பற்கள் உடைந்திருக்கலாம்.
• முறிந்த எக்சலின் உள்ளே நிற்கும் துண்டையும் தவறாது எடுக்க.
• கிரவுன் வீலையும் பினியனையும் சோடியாகவே மாற்றுக. அவை ஒன்றோடொன்று பொருந்தத் தேய்த்துச் செய்யப்பட்டவை.
• காற்றுத்துளையைச் சுத்தம் செய்க. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஒயில் சீல் வழியே வெளியேறும்.
• உரிய வகைக் கியர் ஒயிலை மட்டத்துளை வரை நிரப்புக.

4. கட்டாயம் கவனிக்க

பார லொறிகள் பலவற்றில் சுமையைத் தாங்குவது அச்சின் உறை. எக்சல் சுழற்றுவதற்கு மட்டுமே. எனவே ஜக் போடாமலே எக்சலை உருவலாம். ஆனால் ஒரு பக்க எக்சலை உருவினாலும், கியரிலிட்டு நிறுத்திய லொறி சரிவில் உருளும். ஏனெனில் டிபரன்சியல் அந்தப் பக்கத்தை வெறுமனே சுழலவிட்டு, மறுசில்லையும் விடுவித்துவிடும். கைப்பிரேக் புரொப்பலர் சாப்டில் இயங்கும் வாகனத்திலும் இதே ஆபத்து உண்டு. அங்கு ஒரு பின்சில்லை ஜக்கில் உயர்த்தினாலே போதும். ஆகவே சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே அடியிற் படுக்க வேண்டும்.

மாதிரி வினா: எக்சல் முறிந்த லொறியைக் கியரை நம்பிச் சரிவில் நிறுத்தக்கூடாது. ஏன்?

குறிப்பு: “ஆபத்து” என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. டிபரன்சியலின் தொழிலைக் காரணமாகக் காட்டுங்கள். காரணம் அறிந்தவர் பரீட்சை மண்டபத்தில் மட்டுமன்றி, நாளை லொறியின் அடியிலும் கட்டை வைக்க மறக்கமாட்டார்.