குட்டி மூளை வளர்க்கிற 5 டாலர் சிப்

டி.ஐ.பி.ஜி-ன்னு ஒரு மூளைக்கட்டி இருக்கு. பெரும்பாலும் 5 முதல் 10 வயசுக் குழந்தைகளுக்குத்தான் வரும். மூச்சையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்துற மூளைத்தண்டுல, நல்ல செல்களோட பின்னிப் பிணைஞ்சு வளர்றதால, ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்தா சில மாசம் கூடுதலா கிடைக்கும். பத்துல ஒரு குழந்தைகூட ரெண்டு வருஷம் தாண்டுறது கஷ்டம்.

அப்போ புது மருந்தை எதுல சோதிச்சுப் பார்ப்பது? நேரா குழந்தைக்குக் கொடுக்க முடியாது. அதனால கட்டிக்கு ஒரு 'மாடல்' வேணும். ஆனா ஆபரேஷனே இல்லாததால லேப்புக்குக் கட்டித் துண்டு கிடைக்கிறதே அபூர்வமா இருந்தது. 2011-ல ஸ்டான்போர்டில் மிஷெல் மோன்ஜே குழு, இறந்துபோன ஒரு குழந்தையின் கட்டியில இருந்து செல்களை எடுத்து வளர்த்து, எலி மூளையில வச்சு மாடல் உருவாக்கினாங்க. அந்த மாதிரி தானத்துக்குச் சம்மதிக்கிற பெற்றோர் இல்லாம இந்தத் துறையே இல்லை.

2015-ல இப்படிப்பட்ட செல்கள்ல பல மருந்துகளைச் சோதிச்சப்போ பனோபினோஸ்டாட் நல்லா வேலை செஞ்சது. குழந்தைகளுக்குக் கொடுத்தப்போ அந்தப் பலன் தெரியல. ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள கண்டதும் நுழையாம தடுக்கிற ஒரு சுவர் நமக்கு இருக்கு. தட்டுல வளர்ற செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது. எலியும் மனுஷன் இல்லை.

அடுத்த முயற்சிதான் ஆர்கனாய்டு. ஸ்டெம் செல்லில் இருந்து வளர்க்கிற, பட்டாணி அளவு மூளைத் திசு. இதுலயும் சிக்கல் உண்டு. ரத்தக்குழாய் இல்லாததால ஆக்சிஜனும் சத்தும் நடுப்பகுதி வரைக்கும் போகாம உள்ள இருக்கிற செல்கள் செத்துடும். யோசிச்சுப் பாருங்க, நாம செமஸ்டர்ல படிச்ச மாஸ் டிரான்ஸ்ஃபர் பிரச்சினைதான் இது!

இங்கதான் நம்ம ஏரியா வருது. தாம்பரத்துல டிரெயின் ஏறி கிண்டியில இறங்கினா ஐஐடி மெட்ராஸ் பக்கம்தான். 2021-ல அவங்களும் எம்ஐடியும் (குரோம்பேட்டை எம்ஐடி இல்லைங்க, அமெரிக்கா எம்ஐடி) சேர்ந்து, பல் மருத்துவத்துல பயன்படுத்துற ரெசினை வச்சு 3டி பிரிண்டர்ல ஒரு சிப் செஞ்சாங்க. செலவு சுமார் 5 டாலர். சின்னத் துளை வழியா சத்துநீர் ஓடிக்கிட்டே இருக்கும், மேல கண்ணாடி வழியா மைக்ரோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஒரு வாரம் வளர்த்ததுல, வழக்கமான முறையைவிட நடுப்பகுதியில செத்த செல்கள் குறைவு.

அவங்க வளர்த்தது கட்டி இல்லை, சாதாரண மூளைத் திசு. ஆனா அதே துளை வழியா மருந்தையும் அனுப்ப முடியும். கட்டி செல்லை வச்சு இதைச் செய்யறதுக்கு டாக்டர் மட்டும் போதாது. பம்ப், சென்சார், டிசைன் தெரிஞ்சவங்களும் வேணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்க கொஞ்சம் யோசிங்க.