பேரீச்சம்பழத்துக்குப் போகாத பாக்குவெட்டி

எங்கள் வள்ளூர்ப் பக்கம் பழைய இரும்பு, பித்தளை வாங்கும் வண்டி வந்தால், பாட்டி காலத்துப் பாக்குவெட்டிக்குத்தான் முதல் ஆபத்து. முன்பு பேரீச்சம்பழத்துக்குப் போனது, இப்போது கிலோ கணக்கில் போகிறது. "அதை இப்படிக் குடுங்கக்கா, காசு நான் தரேன்" என்று கேட்டு வாங்கி வைத்துவிடுவேன். அப்படிச் சேர்ந்தவை 11. கிளி, குதிரை, ஜோடியாக நிற்கும் தம்பதி என ஒன்று போல் ஒன்று இல்லை. எல்லாமே கைவேலை.

"இதைப் போய் யாராவது சேர்ப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரருக்குக் கிண்டல். புனேயில் தினகர் கேல்கர், சிறுவயதிலேயே இறந்த மகன் ராஜாவின் நினைவாக அமைத்த அருங்காட்சியகத்தில் விதவிதமான பாக்குவெட்டிகள் இருக்கின்றன. நியூயார்க் கணிதப் பேராசிரியர் சாமுவேல் ஐலன்பர்க் சேர்த்தவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே உண்டு. இதைச் சொன்னதும் மனுஷர் கப்சிப்!

பாக்கு போடச் சொல்லவில்லை, தோழிகளே. அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. பாக்குவெட்டியை மட்டும் பத்திரப்படுத்துங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைப் பிடி பளபளக்கும். இரும்பு அலகு துருப்பிடித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும்.

கூடவே, யாருடையது என்று ஒரு சீட்டும் எழுதிக் கட்டுங்கள். என்னிடம் உள்ளதில் நான்குக்குத்தான் பாட்டியின் பெயர் தெரியும். மற்றவை யார் சுருக்குப்பையில் இருந்தவையோ!

- ஒரு வாசகி, வள்ளூர்