நம் அடைமழையின் அடுப்பு

இந்தியாவின் பெரும்பகுதியில் ஆனி முதல் ஆவணி வரை மழை கொட்டுகிறது. நம் செங்கற்பட்டு மாவட்டத்திற்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே அடைமழைக் காலம். மதுராந்தகம் ஏரியும் கொளவாய் ஏரியும் நம்பியிருப்பது இந்த வடகிழக்குப் பருவமழையைத்தான். குளிர் தொடங்கும் வேளையில் இவ்வளவு மழையைப் பெய்விக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது?

வங்காள விரிகுடாவிலிருந்துதான். கோடை முழுவதும் சூரிய வெப்பத்தை வாங்கிய கடல் எளிதில் ஆறுவதில்லை. ஆசிய நிலப்பரப்போ விரைவில் குளிர்ந்துவிடும். அங்கே காற்றழுத்தம் உயர, காற்று வடகிழக்கிலிருந்து கடலைக் கடந்து நம் கரைக்கு வீசுகிறது. வழியில் நீராவியை அள்ளிக்கொள்கிறது. நீர் ஆவியாகும்போது வாங்கிய வெப்பம், அது மீண்டும் நீராகும்போது வெளிப்படும். பௌதிகப் பாடத்தில் நாம் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுவே.

ஒரு கிலோ நீராவி நீரானால் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெளிப்படும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் ஒரு கோடி கிலோ நீர். கணக்கிட்டால், சுமார் 70 லட்சம் யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம்! 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்ததோ 49 செ.மீ. பெருக்கலைத் தோழியரிடமே விட்டுவிடுகிறேன்.

இவ்வெப்பம் மேகக் காற்றை மேலே தள்ள, கடல்மட்டத்தில் அழுத்தம் குறைகிறது. ஈரக்காற்று அங்கே பாய்கிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்தால் புயல் உருவாகலாம். 2012 அக்டோபர் 31இல் நீலம், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் ஆகிய இரண்டும் மாமல்லபுரம் அருகே கரையைத் தொட்டவை. நிலத்தில் ஏறியதும் புயல் தளர்வதற்கு, கடலின் நீராவி கிடைக்காமற்போவதே முக்கிய காரணம்.

ஆனால் நம் கடல் மட்டும் மழையைத் தீர்மானிப்பதில்லை. 1971இல் மேடன், ஜூலியன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வெப்பமண்டலக் காற்றில் ஓர் அலைவைக் கண்டனர். மேகம் செறிந்த பெரும் பரப்பொன்று இந்துமாக்கடலிலிருந்து கிழக்கே நகரும். இச்சுற்றுக்கு 30 முதல் 60 நாட்கள். அது நம் பக்கம் இருக்கையில் மழை வலுக்க வாய்ப்புண்டு. தொலைவிலுள்ள பசிபிக்கும் விட்டுவைப்பதில்லை. 2015இல் அங்கே எல்நினோ, இங்கே வெள்ளம். மறு ஆண்டே, வர்தா புயல் வந்தும், தமிழகத்தில் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

மார்கழியில் மேகம் கலைகிறது. தரையின் வெப்பம் இரவில் தடையின்றி வானுக்குத் தப்பிவிட, செங்கற்பட்டில் விடியற்காலை நடுக்குகிறது. மாமல்லபுரத்தில் அவ்வளவு குளிர் இல்லை. பக்கத்திலேயே கடல் இருக்கிறதல்லவா?