பாங் ஏரி: வாத்துகள் கிளம்பும் காலம்

ஹிமாசலப் பிரதேச மாநிலம் காங்க்ரா மாவட்டத்தில், பியாஸ் நதியின் குறுக்கே கட்டப்பட்ட பாங் அணையின் ஏரி மார்ச் மாதத்தில் பரபரப்பாகிவிடுகிறது. குளிர்காலத்தைக் கழிக்க வந்த பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து திபெத், மங்கோலியா நோக்கித் திரும்பும் பருவம் இது. நம் கூந்தங்குளம் வரை வந்து செல்லும் அதே இனம்தான். நக்ரோட்டா சூரியான் பகுதிக் கரையில் அதிகாலையிலேயே பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியுடன் கூடிவிடுகின்றனர்.

இவை எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே பறப்பவை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலும் 6,000 மீட்டருக்குக் கீழேயே, பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் ஒட்டி அவை பறக்கின்றன. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவையும் விடியற்காலையையுமே அதிகம் விரும்புகின்றன. குறைந்த பிராணவாயுவையும் பற்றிக்கொள்ளும் ரத்தம் இவற்றுக்கு வாய்த்திருக்கிறது. எவரெஸ்ட் கதையைவிட இதுவே வியப்புக்குரியது.

2002-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஏரியில், 2020 டிசம்பர் இறுதியில் பறவைகள் கொத்துக் கொத்தாக மடியத் தொடங்கின. பறவைக் காய்ச்சலே காரணம் என்பது 2021 ஜனவரியில் உறுதியானது. இறந்த சுமார் 5 ஆயிரம் பறவைகளில் பெரும்பாலானவை பட்டைத்தலை வாத்துகள்.

நோய் வந்து போனது. போகாத பிரச்னை ஒன்று கரையில் இருக்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்க வெளிப்படும் வண்டல் நிலத்தில் கோதுமை பயிரிடப்படுகிறது. இளம்பயிரை வாத்துகள் மேய்கின்றன, அவற்றை விரட்டுகின்றனர். சரணாலய எல்லைக்குள் சாகுபடி செய்வது சட்ட விரோதம் என்கிறது வனத்துறை. பயிருக்கு இடும் ரசாயனங்களும், அறுவடைக்குப் பின் தாளுக்கு வைக்கும் தீயும் பறவைகளுக்கு ஆபத்து என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் புகார்.

ஆனால் உழுபவர்களில் பலர், 1970-களில் இதே ஏரிக்காக நிலம் இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அப்போது 20 ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ராஜஸ்தான் கால்வாய்ப் பாசனப் பகுதியில் மாற்று நிலம் தருவதாக அளிக்கப்பட்ட வாக்குறுதி பலருக்கு நிறைவேறவே இல்லை; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அணை நீர் ராஜஸ்தானுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம். "அத்துமீறல்" என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களை அடக்கிவிடுவது கோப்புகளுக்கு வசதியாக இருக்கலாம்.

ஏப்ரலில் நீர் மேலும் வடியும்போது, ஆண்டின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் பாத்து கோயில்கள் தலைகாட்டும். கடைசி வாத்துக் கூட்டமும் அதற்குள் கிளம்பியிருக்கும். கரையில் கோதுமைக் கதிர்கள் முற்றத் தொடங்கியிருக்கும்.